மூடியில் ஒரு ஜன்னல்

எங்க வீட்டு வாட்சுக்குப் பேரு என்னன்னு தெரியாம இருந்த வரைக்கும் நாங்க நல்லாத்தான் இருந்தோம். என் பொண்டாட்டி பிரிஜெட் அதை ‘அந்த டப்பா’ம்பா. நான் ‘தாத்தா வாட்ச்’ம்பேன். அது பாட்டுக்குப் பீரோவுல பழைய பனியன் துணிக்குள்ள கெடந்துச்சு. ஓடுறது நின்னு போயே அறுபது வருஷம் இருக்கும். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். அடுத்தவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல, இருந்தாலும் சொல்லத்தான் போறேன்.

என் பேரு கிளாரன்ஸ். காக்ஸ் டவுன் பக்கத்துல ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். இருபத்தெட்டு வருஷமா பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுறதுதான் பொழப்பு. ஆசிட் பாட்டில்ல தண்ணின்னு எழுதி ஒட்டினா ஆசிட் தண்ணியாயிடாதுன்னு புதுசா வர்ற பசங்ககிட்ட வருஷா வருஷம் சொல்லுவேன். இதையே ஒரு அரசாங்க ஆஃபீஸுக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கும்னு நான் நெனைச்சதில்ல.

வாட்ச் எங்க கொள்ளுத்தாத்தா அருளப்பனோடது. கோலார் தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள வேலை செஞ்சவரு. அவரு செட்டுல ஏழு பேரு. ஒரு நாள் காலையில அவருக்கு நல்ல ஜுரம். ஒரு ஆளு கொறைஞ்சாலும் மேஸ்திரி செட்டையே கீழ எறக்க மாட்டாரு, மீதி ஆறு பேருக்கும் அன்னிக்கு வேலை போயிடும். அதனால குடியாத்தம் பக்கத்துலேருந்து வந்து பதினஞ்சு நாள்கூட ஆகாத பொன்னுரங்கம்னு ஒருத்தரு, அருளப்பனோட டோக்கனை வாங்கிக்கிட்டு அவருக்குப் பதிலா எறங்கினாரு. மத்தியானம் பாறை வெடிச்சுது. ஏழு பேரும் உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. தோண்டி எடுக்கறது ஆபத்துன்னு சொல்லிக் கம்பெனி அந்த மட்டத்துச் சுரங்கப் பாதையையே செவுரு வெச்சு அடைச்சுடுச்சு.

கம்பெனி ரிஜிஸ்டர்ல ஆளுக்குப் பேரு கெடையாது, டோக்கன் நம்பர்தான். மறுவாரம் ஜுரம் விட்டு அருளப்பன் வேலைக்குப் போனாரு. அவர் நம்பருக்கு நேரா பழையபடி டிக் போட்டாங்க. அதோட முடிஞ்சுது. பொன்னுரங்கம்னு ஒரு ஆளு பொறந்ததுக்கும் காகிதமில்ல, செத்ததுக்கும் காகிதமில்ல. அப்பறம் ரொம்ப காலம் கழிச்சு, சர்வீஸுக்காகக் கம்பெனி மூடி வெச்ச ஒரு வெள்ளிப் பாக்கெட் வாட்ச் குடுத்தப்ப, அருளப்பன் அதை நேரா ராபர்ட்சன்பேட்டை ஆசாரிகிட்ட கொண்டுபோய், மூடியோட உள்பக்கத்துல ஏழு பேரு பேரையும் வெட்டச் சொன்னாரு. நட்டநடுவுல பொன்னுரங்கம். மத்த ஆறு பேரும் அவரைச் சுத்தி. அந்த மூடியைத் தவிர அவரு பேரு இந்த ஒலகத்துல வேற எங்கயும் இல்ல.

ஜூலை மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சப்பறம், மாதா கோயில் பின்னாடி ஹால்ல அந்தக் குடும்பங்க எல்லாம் கூடுவோம். நாங்க கத்தோலிக்கருங்க, முனிசாமி வகையறா இந்துங்க, ஏகாம்பரம் வீட்டுக்காரங்க பௌத்தருங்க. பிரிச்செல்லாம் பாக்கறதில்ல. மூடியைத் தெறந்து நான் பேரைப் படிப்பேன். ஒரு பேரைப் படிச்சா அந்த வீட்டு ஆளு ஒருத்தரு எழுந்து நிக்கணும். பேசக் கூடாது. கொஞ்ச நேரம் நின்னுட்டு ஒக்காந்துக்கணும். பொன்னுரங்கம்னு படிக்கறப்ப மட்டும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. எங்க அப்பா குடியாத்தம் பக்கமெல்லாம் அலைஞ்சு பாத்தும் அவரு மனுஷங்க யாரும் கெடைக்கல. அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தலையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாது. நான் பொறந்ததே அந்த ஆளு அன்னிக்கு எறங்கினதாலதானே. அப்பறம் காபி, பன், வீட்டுக்குப் போயிடுவோம்.

இப்படி ஒழுங்கா போயிக்கிட்டிருந்தப்பதான் பேப்பர்ல அறிவிப்பு வந்துச்சு. பாரம்பரியப் பொருள் பெயரிடல் ஆணையம்னு ஒண்ணு. எழுபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பழசான பாக்கெட் வாட்சை எல்லாம் அதோட சரியான பேர்ல பதிவு பண்ணணும், பண்ணாத வாட்ச் பேரில்லாத பொருள், பேரில்லாத பொருளை ஆணையம் எடுத்துக்கும்னு போட்டிருந்தாங்க. பீரோவுக்குள்ள எவன் வந்து பாக்கப்போறான், பேசாம கெடங்கன்னு பிரிஜெட் சொன்னா. நான் கேக்கல. தண்ணி பில்லைக் கடைசித் தேதிக்கு முன்னாடியே கட்டுற ஜாதி நான்.

சரின்னு மொதல்ல தெரிஞ்ச வாட்ச் ரிப்பேர்காரர்கிட்ட காட்டினேன். அவரு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாரு. டயலை முழுசா மறைக்கற மூடி இருந்தா அதுக்குப் பேரு ஹன்டர். மூடியே இல்லாம வெறும் கண்ணாடி இருந்தா ஓப்பன் ஃபேஸ். மூடி இருந்து, அது நடுவுல வட்டமா சின்ன ஜன்னல் வெச்சு, தெறக்காமலே மணி பாக்கற மாதிரி இருந்தா ஹாஃப் ஹன்டர். எங்களுது ஹன்டர். அவ்வளவுதான் விஷயம். நாலாங்கிளாஸ் பையனுக்குப் புரியும்.

ஆணையம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, துணிக்கடைக்கு மேல மூணாவது மாடியில இருந்துச்சு. படியேறும்போதே உள்ளேருந்து டிரில் மெஷின் சத்தம். பல் டாக்டர் கிளினிக்குன்னு நெனைச்சுக்கிட்டேன். ஹால்ல முப்பது பேரு மடியில வாட்சை வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க.  அப்பப்ப உள் கதவு தெறந்து ஒருத்தரு வருவாரு, கையில வாட்சும் ஒரு சின்னக் காகிதக் கவரும் இருக்கும். ஒரு பெரியவரு எனக்குப் பக்கத்துல வந்து ஒக்காந்து கவரைப் பிரிச்சாரு. உள்ள வட்டமா வெட்டின வெள்ளித் தகடு. அதைக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டு எழுந்து போயிட்டாரு.

 பக்கத்துல இருந்தவங்ககிட்ட மெதுவா விசாரிச்சேன். சோஃபியான்னு ஒரு டீச்சரம்மா, ஏழு மாசமா அலையறாங்க. அவங்க வாட்ச் ஜெர்மன் சில்வர். அதுல குண்டுமணி வெள்ளிகூட கெடையாதுன்னு பாத்திரக் கடை வாசல்ல நின்ன யாருக்கும் தெரியும். ஆனா ஆணையத்தோட அட்டவணைப்படி ஜெர்மன் சில்வர்னா ஜெர்மனியிலேருந்து வந்த வெள்ளி. அதனால எந்தத் துறைமுகத்துல எறங்குச்சு, யாரு கொண்டாந்தாங்க, இதுக்கு முன்னாடி வேற என்னெல்லாம் கொண்டாந்தாங்கன்னு கேட்டிருக்காங்க. போன வாரம் வீட்டுக்கு வந்து அடுக்களையில இருந்த சாம்பார் கிண்ணத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்.

ரெமிஜியஸ்னு ஒரு ரிட்டயர்டு ஆளு. அவரோடது தங்கத் தகடு போத்தின வாட்ச். மேல இருக்கற தங்கம் இருபது வருஷத்துக்குத் தேயாதுன்னு கம்பெனிக்காரன் மூடிக்குள்ள ‘கியாரண்டி இருபது வருஷம்’னு குத்தியிருக்கான். ஆணையம் அதைக் காலாவதித் தேதின்னு எடுத்துக்கிச்சு. வாட்ச் 1931லயே செத்துப்போச்சுன்னு சர்டிபிகேட் குடுத்து, இவ்வளவு நாளா பொதைக்காம வீட்டுல வெச்சிருந்ததுக்குக் காரணம் கேட்டிருக்காங்க. அவரு என்கிட்ட, எங்க பொதைச்சா ஒத்துக்குவாங்க தெரியுமான்னு கேட்டாரு. கேலி பண்றாருன்னு மூஞ்சியைப் பாத்தேன். பண்ணல.

அச்யுத்னு ஒருத்தரு கதைதான் என் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அவரு வாட்சுக்கு மூடியே கெடையாது, ஓப்பன் ஃபேஸ். மூடி இல்லன்னா மூடி தொலைஞ்சிருக்கணும், தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்திருக்கணும்னு சொல்லியிருக்காங்க. மனுஷன் சனியன் தொலையட்டும்னு ஒரு புகார் எழுதிக் குடுத்துட்டாரு. மூணாம் நாள் போலீஸ் அவங்க வீட்டு டிரைவரைக் கூட்டிட்டுப் போனாங்க. டிரைவரு மூடியைத் திருடினதா ஒத்துக்கிட்டாராம். எங்க வித்தாருன்னுகூட சொல்லிட்டாராம். இல்லாத மூடி சார், இல்லவே இல்லாத மூடின்னு அச்யுத் என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு. 

அப்பவே எழுந்து ஓடியிருக்கணும். ஆனா அதுக்குள்ள என் விண்ணப்பத்தை வாங்கி, மெஷின்ல என் பெருவிரலை வெச்சு ரேகை எடுத்து, வாட்சையும் உள்ள கொண்டுபோயிட்டாங்க.

துணைப் பெயரிடல் அலுவலர் வெங்கடசுப்ரமணியன் ரொம்ப மரியாதையான மனுஷர். குரல் ஒசராது. ஆளு மூஞ்சியைப் பாக்க மாட்டாரு, ஃபைலைத்தான் பாப்பாரு. என் வாட்சுக்கு ‘ஹாஃப் ஹன்டர்’னு பேரு வெச்சாரு. ஏன்னா ஆணையத்தோட மொதல் தலைவர்கிட்ட சொந்தமா ஒரே ஒரு வாட்ச் இருந்துச்சாம், அது ஹாஃப் ஹன்டராம். அதைப் பாத்துத்தான் அவரு அட்டவணையே எழுதினாராம். அதனால மூடி இருக்கற வாட்ச் எல்லாம் ஹாஃப் ஹன்டர். நான் பணிவாத்தான் சொன்னேன், சார், ஹாஃப் ஹன்டர்னா மூடியில ஜன்னல் இருக்கும், இதுல இல்லைன்னு. கரெக்ட், அதைத்தான் நானும் குறிச்சிருக்கேன்னு ஃபைலைத் திருப்பிக் காட்டினாரு. ‘குறை: ஜன்னல் காணப்படவில்லை. நடவடிக்கை: ஜன்னல் திறக்கப்படும்.’ அளவும் போட்டிருந்துச்சு. மூடியோட நடுவுல, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு.

பொன்னுரங்கம் இருக்கற எடம். சுத்தி இருக்கறவங்க பேர்லயும் பாதிப் பாதி போயிடும்.  சார், இது உங்க அட்டவணையில இருக்கற தப்பு, எங்க வாட்ச்சோட தப்பு இல்லன்னு சொல்லிட்டேன். அவரு கோவப்படல. சின்னப் பையனுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கற மாதிரி பொறுமையாப் பேசினாரு.

“தப்புன்னு எங்களுக்குத் தெரியாதா, மிஸ்டர் கிளாரன்ஸ்? ஆறு வருஷமா இந்தத் தப்பை எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சிட்டு வர்றோம். உங்க ஒருத்தருக்கு மட்டும் சரியாச் செஞ்சா அது பாரபட்சம். வாட்ச் என்னவா இருக்குங்கறது எங்க வேலை இல்லை. அதுக்குப் பேர் வைக்கறதுதான் எங்க வேலை. பேர் வெச்சாச்சுன்னா பொருள்தான் பேருக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும். பேரை மாத்தினா நாலாயிரத்து நூறு ஃபைலை மாத்தணும். ஓட்டை போட ரெண்டு நிமிஷம். படிச்சவர் நீங்க, எது நியாயம்னு நீங்களே சொல்லுங்க.”

நான் வெளிய வந்து படியிலயே ஒக்காந்துட்டேன். அப்ப அந்த ஆஃபீஸ் கிளார்க் கிருஷ்ணப்பா டீ குடிக்க எறங்கினவரு என் பக்கத்துல நின்னாரு. கன்னடக்காரரு, ஆனா நம்மளாட்டமே தமிழ் பேசுவாரு. என்னாச்சுன்னு கேட்டாரு, சொன்னேன். பேஜார் பண்ணிக்காதீங்க சார், மூடிக்குள்ள ஏழு பேரு இருக்கில்ல, அந்த ஏழு பேரும் வாட்சுக்குப் பங்காளிங்கன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, பங்காளிங்க சம்மதம் இல்லாம டிரில் போட முடியாது, பங்காளிங்க ஃபைலு வேற செக்‌ஷன், அங்க போனா நம்ம காலத்துல திரும்பி வராதுன்னாரு. அந்த மனுஷன் நல்லதுக்குத்தான் சொன்னாரு. அவரு மேல எனக்கு இன்னிக்கும் வருத்தமில்ல.

மனு எழுதிக் குடுத்தேன். வெங்கடசுப்ரமணியன் சார் அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, பங்காளிங்க உண்டா இல்லையான்னு நேர்ல வந்து பாப்போம்னாரு. எங்க கூடுவீங்க, என்னிக்குன்னு கேட்டாரு. நானே என் வாயால ஜூலை ரெண்டாவது ஞாயிறுன்னு சொன்னேன். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறதுன்னா இதுதான்.

சொன்ன மாதிரியே வந்தாரு. கூட்டம் நடத்தறதுக்காக வாட்சையும் அவரே கொண்டாந்தாரு, சீல் வெச்ச பையில. முன் வரிசையில ஒக்காந்து மடியில ஒரு படிவத்தை வெச்சுக்கிட்டாரு. நான் மூடியைத் தெறந்து முனிசாமின்னு படிச்சேன். தமயந்தி எழுந்து நின்னுச்சு. முனிசாமியோட மகன் வழிப் பேத்தி மகள் அது, ஹெப்பகோடியில ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. அவரு எழுதிக்கிட்டாரு. சின்னப்பன்னு படிச்சேன், வின்சென்ட் எழுந்தாரு. எழுதிக்கிட்டாரு. ஆறு பேரு எழுந்தாங்க, ஆறும் எழுதினாரு. பொன்னுரங்கம்னு படிச்சேன். யாரும் எழுந்திருக்கல. அவரு பேனாவைத் தூக்கிக்கிட்டே ரொம்ப நேரம் காத்திருந்துட்டு, அதையும் எழுதிக்கிட்டாரு. அப்பறம் பன்னு வேணாம், சுகர்னு சொல்லிட்டு, வாட்சைப் பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன். முனிசாமி, சின்னப்பன், ஏகாம்பரம், தாவீது, குப்பன், ஆரோக்கியம், பொன்னுரங்கம். ஒரு எழுத்துப் பிழையில்ல. அவங்க உள்ள போயி தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஆஃபீஸ் காகிதத்துல அவங்க பேரு ஏறினது அதுதான் மொதல் தடவை. எனக்குக் கண்ணு ரொம்பிப்போச்சு. பிரிஜெட்டைக் கூப்பிட்டு, பாரு, பொன்னுரங்கம் பேரைப் பாருன்னு காட்டினேன். அவ என்னை மாதிரி இல்ல, கீழ வரைக்கும் படிக்கறவ. படிச்சுட்டுக் கீழ் வரியில விரலை வெச்சுக் காட்டினா.

விஷயம் இதுதான். பேரைக் கூப்பிட்டதும் ஆறு பேரு எழுந்து நின்னதால, அந்த ஆறு பேரும் உயிரோட இருக்காங்கன்னு ஆணையம் முடிவு பண்ணிடுச்சு. ஏழாவது ஆளு, பொன்னுரங்கம் என்பவர், கூப்பிட்டும் வரல, அதனால தலைமறைவு. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஏழு பேரும் நேர்ல வந்து, நாங்கதான் இவங்கன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு ஆட்சேபிச்சா ஜன்னல் வைக்க மாட்டாங்க. ஒருத்தரு வரலைன்னாலும் ஏழு பேரும் வராததாத்தான் கணக்கு, அங்கயே டிரில் போட்டுடுவாங்க. விண்ணப்பதாரரான கிளாரன்ஸும் வந்து மெஷின்ல விரல் வெக்கணும். வைக்காட்டி அவரும் தலைமறைவு, தேடிப்பிடிக்கப் போலீஸுக்குச் சொல்லப்படும். ஆள் மாறாட்டம் பண்ணா மூணு வருஷம் ஜெயில். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நோட்டீஸ் நகல் வெச்சிருந்தாங்க, அதைக் காட்டறவங்களைத் தவிர வேற யாரும் மேல வரக் கூடாது.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுல கூடினோம். செத்தவங்கன்னு சொல்லிடலாம்னு ஒருத்தரு சொன்னாரு. அதுக்குச் சர்டிபிகேட் கேப்பாங்க, கம்பெனி ஒண்ணுத்துக்கும் குடுக்கலையேன்னு இன்னொருத்தரு சொன்னாரு. போனாப் போவுது, ஒரு ஓட்டைதானேன்னு யாரோ சொன்னப்ப தமயந்தி திரும்பிப் பாத்துச்சு.

“நாங்க அவங்க பேருக்கு எழுந்து நின்னுட்டோம் அண்ணே. இனிமே எப்படி ஒக்கார்றது?”

 ஆறு பேரும் வர்றதா முடிவாச்சு. பொன்னுரங்கத்துக்கு யாருன்னு பிரிஜெட் கேட்டா. வின்சென்ட்டோட மச்சான் க்ளென் நான் வர்றேன்னு சொன்னாரு. மூணு வருஷம்தானே, எங்க மெஸ்ஸைவிட சோறு நல்லாருக்கும்னு ஜோக்கெல்லாம் அடிச்சாரு.

திங்கக்கிழமை ஆணையத்து வாசல்ல ரெண்டு போலீஸ்காரங்க நின்னாங்க. அதைப் பாத்ததும் க்ளென், வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்துடறேன்னு போனாரு. பத்தே முக்கால் ஆச்சு, பத்து அம்பத்தஞ்சு ஆச்சு. போன் சுவிட்ச் ஆஃப். பொன்னுரங்கத்துக்கு வந்த நோட்டீஸும் க்ளென்கூடவே போயிடுச்சு. பிரிஜெட், நான் நிக்கறேன், என்னை விடுங்கன்னு வாசல்ல சண்டை போட்டா. விடல. நோட்டீஸ் வாங்கின நாங்க ஏழு பேரு மட்டும் படியேறினோம். ஆறு பங்காளிங்களும் விண்ணப்பதாரர் நானும்.

உள்ள மேசை மேல ஒரு மரப் பிடியில வாட்சை இறுக்கி, மூடியைத் தெறந்து மல்லாக்க வெச்சிருந்தாங்க. மூடி நடுவுல பென்சில்ல வட்டம் போட்டாச்சு. வட்டத்துக்குள்ள பொன்னுரங்கம். டிரில் மெஷின்காரரு பாதுகாப்புக் கண்ணாடியை நெத்தியில தூக்கி விட்டுக்கிட்டு நின்னாரு. ஒரு போலீஸ்காரரு கதவை உள்பக்கம் சாத்தி அங்கயே நின்னுக்கிட்டாரு. டிரில்லைச் சரியா ஓடுதான்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்தாங்க. தமயந்தி என் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிச்சு.

கிருஷ்ணப்பாதான் பேரு கூப்பிட்டாரு. முனிசாமின்னாரு. தமயந்தி எழுந்து, நான்தான்னு சொல்லுச்சு. முப்பது வயசுப் பொண்ணு, சுடிதார் போட்டுக்கிட்டு, கம்பெனி ஐடி கார்டு கழுத்துல தொங்குது. வெங்கடசுப்ரமணியன் சார் படிவத்தைப் பாத்தாரு. படிவத்துல வயசுக்கும் கட்டம் இல்ல, ஆணா பெண்ணாங்கறதுக்கும் கட்டம் இல்ல. கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. சின்னப்பன், ஏகாம்பரம், தாவீது, குப்பன், ஆரோக்கியம். ஒவ்வொருத்தரா எழுந்து, நான்தான், நான்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. 

“பொன்னுரங்கம்.”

டிரில்காரரு கண்ணாடியை மூஞ்சிக்கு எறக்கினாரு. எனக்கு ஜெயில்னா பயம். போலீஸ்னா பயம். ரேஷன் கடைக்காரர் சத்தம் போட்டாலே பயம். கிருஷ்ணப்பா ரெண்டாவது தடவை கூப்பிட்டாரு. நான் எழுந்து நின்னுட்டேன். யோசிச்செல்லாம் நிக்கல. அந்தப் பேருக்கு யாரும் எழுந்திருக்காம இருக்கறதை ஐம்பது வருஷமாப் பாத்துட்டேன், இன்னொரு தடவை பாக்க என்னால ஆகல.

கிருஷ்ணப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. வெங்கடசுப்ரமணியன் சார் ஃபைல்லேருந்து கண்ணை எடுத்து மொதல் தடவையா என் மூஞ்சியைப் பாத்தாரு. நான் யாருன்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சுதுன்னுதான் நெனைக்கறேன்.

“போன தடவை கூப்பிட்டப்போ ஏன் வரலை, மிஸ்டர் பொன்னுரங்கம்?”

“டூட்டியில இருந்தேன் சார்.”

“எங்கே டூட்டி?”

“சுரங்கத்துல சார்.”

“எப்போ மேலே வந்தீங்க?”

“இன்னும் வரலை சார்.”

அவரு அதை அப்படியே எழுதினாரு. ஒரு வார்த்தை மாத்தல. படிவத்தை என் பக்கம் திருப்பினாரு. நான் பொன்னுரங்கம்னு கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரி இல்ல, வேற மாதிரி நிதானமா விழுந்துச்சு. ஏழு பேரும் ஆஜர், ஜன்னல் ரத்துன்னு எழுதி, ரப்பரை எடுத்து அவரே மூடியில இருந்த பென்சில் வட்டத்தை அழிச்சாரு. டிரில்காரரு மெஷினைப் பையில போட்டு ஜிப்பை இழுத்தாரு. தமயந்தி சத்தமில்லாம அழ ஆரம்பிச்சுது.

அப்பறம் சார் கைரேகை மெஷினை மேசை நடுவுக்குத் தள்ளி வெச்சு, விண்ணப்பதாரரைக் கூப்பிடச் சொன்னாரு. கிருஷ்ணப்பா பேரேட்டைப் பாத்துக்கிட்டே கூப்பிட்டாரு.

“கிளாரன்ஸ்.”

நான் நின்ன எடத்துலயே நின்னேன். நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா, அழிச்ச வட்டத்தைத் திரும்பப் போட அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ரெண்டாவது தடவை கூப்பிட்டாங்க. சார் என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு, அவசரமே படல. மூணாவது தடவையும் கூப்பிட்டாங்க. ‘விண்ணப்பதாரர் கிளாரன்ஸ் தலைமறைவு’ன்னு எழுதி, கதவுகிட்ட நின்ன போலீஸ்காரரை மேசைக்குக் கூப்பிட்டு வீட்டு அட்ரஸோட குடுத்தாரு. அது என் கையாலயே முத்து முத்தா நான் எழுதிக் குடுத்த அட்ரஸ்.

போலீஸ்காரரு அதை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வேகமா கெளம்பினாரு. கதவுக்கும் அவருக்கும் நடுவுல நான் நின்னுக்கிட்டிருந்தேன். ஸ்வல்ப தாரி பிடி, பொன்னுரங்கம்னு கன்னடத்துல வழி விடச் சொல்லி, என் தோளைப் பிடிச்சு ஓரமா நகத்திட்டு, கிளாரன்ஸைத் தேடிப் படியெறங்கிப் போனாரு. நானும் வழி விட்டேன்.